கடல் கடந்த வேலையும் கையொப்பமிட்ட தாளும்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. நம் பழைய அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிவு என ஒரு பகுதியே அமைந்திருக்கின்றது. தலைவன் பாலை வழியே பொருள் தேடிச் செல்வான். தலைவி நாளை எண்ணிக்கொண்டு வீட்டில் காத்திருப்பாள். அன்று தொடங்கிய அப்பிரிவு இன்றுவரை நம் இனத்தை விட்டு நீங்கவில்லை. சயானிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாம் அனைவரும் அவ்வாறு பிரிந்து வந்தவர்களின் மக்களும் பேரர்களுமே ஆவோம். நம் முன்னோர் வேலை தேடி இவ்வூருக்கு வந்தனர். நம் பிள்ளைகள் வேலை தேடி இவ்வூரிலிருந்து துபாய்க்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர்.

வெளிநாட்டு வேலை ஒன்று வந்திருக்கின்றது என்றவுடன் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதாகும். அது நியாயமான கேள்வியே. ஆயினும் கடல் கடந்து உழைத்த தமிழரின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைப் படித்துப் பார்த்தால், அதற்கு முன்னரே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது விளங்கும். ‘அந்த வேலை ஒத்துவராவிட்டால், பேசிய கூலி கைக்கு வராவிட்டால், அதனை விட்டு விலக முடியுமா?’ என்பதே அக்கேள்வி. இக்கேள்விக்கு விடை இருந்த இடங்களில் தமிழன் தலை நிமிர்ந்து வாழ்ந்தான். விடை இல்லாத இடங்களில் அவன் பட்ட துயரம் ஏட்டில் அடங்காது. இம்மலரின் வாயிலாக அவ்வரலாற்றை நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகின்றோம்.

பம்பாய்க்கு வந்தவர்கள்

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் சாலைகளில் உழைத்தனர். தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, கோட்டைப் பகுதி அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். மாதுங்காவில் 1932 ஆம் ஆண்டு தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு அவர்கள் இங்கே வேரூன்றிவிட்டனர். உறவினர் ஒருவரின் முகவரியும் ஒரு தகரப் பெட்டியும் மட்டுமே பலருக்கு மூலதனம். எட்டுப் பேர் கூடி ஓர் அறையில் தங்கினர். மெஸ்ஸில் கணக்கு வைத்து உண்டனர்.

அவர்கள் வாழ்க்கை எளிதாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. சம்பளம் குறைவு, வீடு நெருக்கடி, மொழியோ புதிது. 1966 இல் சிவசேனை தோன்றிய காலத்தில், தென்னிந்தியர் இங்குள்ள வேலைகளையெல்லாம் எடுத்துக்கொள்கின்றனர் என்ற கிளர்ச்சி எழுந்தது. அச்சத்தோடு கழிந்த நாட்களும் உண்டு. இருப்பினும் நம் முன்னோரிடம் ஓர் உரிமை இருந்தது. ஒரு முதலாளி கடுஞ்சொல் சொன்னால், மறுநாள் காலை சயான் நிலையத்தில் ரயில் ஏறி வேறு நிலையத்தில் இறங்கி வேறு வாயிலைத் தட்டலாம். ‘வேலையை விட்டு ஏன் போனாய்?’ என்று எந்தக் காவலரும் பிடித்துச் செல்லமாட்டார். 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, இந்நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் எத்தொழிலையும் மேற்கொள்ளவும் குடிமக்களுக்கு உரிமை அளித்தது. கையில் காசு இல்லாதவர்க்கும் அவ்வுரிமை இருந்தது. அதன் அருமை, அஃது இல்லாத நாடுகளுக்குச் சென்றவர்களின் கதையைக் கேட்டால்தான் தெரியும்.

கிரிமிட் என்னும் தாள்

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் இயற்றப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அடிமைகளின் இடத்தை நிரப்பத் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். மொரீசியசில் 1834 இல் தொடங்கிய இம்முறை, மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதிக்கும் பீஜித் தீவுகளுக்கும் பரவியது. 1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 இல் நெட்டாலுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, 1,52,184 பேர் அங்கே சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே.

அவர்கள் விரல் நாட்டிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது என்ன? ஐந்தாண்டு வேலை, முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, உணவும் உறைவிடமும் முதலாளியின் பொறுப்பு. படிக்கக் கேட்டால் நல்ல ஏற்பாடு போலவே தோன்றும். பஞ்சத்தில் வாடிய செங்கற்பட்டு, வட ஆர்க்காட்டு உழவனுக்கு அது பெரிய தொகையாகவே தோன்றியிருக்கும். ஒப்பந்தத்துக்குரிய ஆங்கிலச் சொல் மக்கள் வாயில் ‘கிரிமிட்’ எனத் திரிந்தது. அத்தாளில் சம்பளம் எழுதப்பட்டிருந்தது; விலகும் வழி எழுதப்படவில்லை.

1894 இல் டர்பனில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கின்றார். பாலசுந்தரம் என்ற தமிழர், கிழிந்த ஆடையோடும், உடைந்த இரு முன்பற்களோடும், வாயிலிருந்து வழியும் இரத்தத்தோடும் அவர் முன் வந்து நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கினார். அடித்தவர் அவருடைய முதலாளி. காந்தியடிகளிடம் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவரே அவர் பேச்சை மொழிபெயர்த்துக் கூறினார். காந்தியடிகள் மருத்துவரின் சான்றிதழ் பெற்று, அவரை நீதிபதியிடம் அழைத்துச் சென்றார்.

இங்கே சட்டத்தின் நுட்பம் ஒன்றைக் காந்தியடிகள் தெளிவாக எடுத்துக் காட்டுகின்றார். சாதாரண வேலையாள் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால், முதலாளி அவன்மீது சிவில் வழக்குத் தொடுக்கலாம்; அவ்வளவே. ஒப்பந்தக் கூலி அவ்வாறு போனாலோ, அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அதனால் பாலசுந்தரத்தால் அடித்தவன் வீட்டை விட்டுத் தாமாகப் போக இயலாது. ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றித்தர முந்தைய முதலாளி இசைந்த பின்னரே அவருக்கு விடுதலை கிடைத்தது. அடிமை முறைக்கு மிக அருகில் உள்ள முறை என்று சர் வில்லியம் ஹண்டர் இதனைக் கருதியதன் காரணம் இதுவே. பாலசுந்தரத்தின் துயரத்துக்குக் கூலியின் குறைவு காரணம் அன்று. கதவு வெளியே பூட்டப்பட்டிருந்ததே காரணம்.

ஐந்தாண்டு முடிந்த பின்னரும் பூட்டு முழுதும் கழன்றுவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும் என 1895 இல் நெட்டாலில் சட்டம் வந்தது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் என்ற தொடக்கக் கூலிப்படி அஃது ஆறு மாத உழைப்புக்குச் சமம். இவ்வரியை எதிர்த்து 1913 இல் நெட்டாலின் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 இல் உயிர் நீத்தார். அதே ஆண்டில் வரி நீக்கப்பட்டது.

இக்கொடுமையை ஒழித்ததில் நம் நகருக்கும் பங்குண்டு. ஒப்பந்தக் கூலி முறையை அடியோடு நீக்கவேண்டும் என்று சட்டமன்றத்தில் 1912 இல் தீர்மானம் கொணர்ந்தவர், பம்பாய் மாகாணத்தின் பிரதிநிதியான கோபால கிருஷ்ண கோகலே. 1917 இல் காந்தியடிகள் இதற்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, அதனைப் பம்பாயிலிருந்தே தொடங்கினார். இங்கே கூடிய பெரிய கூட்டத்தின் விளைவாக, அவ்வாண்டு சூலை 31 ஆம் நாளுக்குள் இம்முறையை நிறுத்தவேண்டும் எனக் கோரிக்கை எழுந்தது. அந்நாளுக்கு முன்னரே அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பீஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்கள் 1920 சனவரி 1 இல் இரத்தாயின.

கங்காணியும் துண்டும்

ஒப்பந்தக் கூலி முறை ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, இலங்கைக்கும் மலாயாவுக்கும் வேறொரு வழியில் தமிழர் சென்றனர். அங்கே ஆள் சேர்த்தவன் வெள்ளையன் அல்லன். நம் ஊர்க்காரனான கங்காணி. அவன் தன் ஊருக்கே வருவான். உறவு சொல்லி அழைப்பான். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பான். விரல் நாட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. ஆதலால் இது சுதந்திரமான முறை என்றே பலரும் எண்ணினர்.

பூட்டு வேறு வடிவில் இருந்தது. அதன் பெயர் கடன். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து சென்ற காலத்தில், வழியிலேயே நோயுற்று மடிந்தோர் பலர். உயிரோடு சேர்ந்தவன், தோட்டத்தில் கால் வைக்கும்போதே கங்காணிக்குக் கடன்பட்டவனாக இருந்தான். வழிச்செலவு, சோறு, துணி, கம்பளி யாவும் அவன் கணக்கில் ஏறின. கூலியும் கங்காணியின் கை வழியாகவே வந்தது. கணக்கு எழுதியவனும் அவனே. படித்துச் சொன்னவனும் அவனே.

ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், பழைய துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இத்தனை பேருக்கு இவ்வளவு கடன் உள்ளது. அதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிக்கலாம் என்பது அதன் பொருள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாகப் பேரம் பேசுவான். புதிய துரை கொடுக்கும் தொகை கடனில் சேரும். உழைத்தவர்கள் இடம் மாறினர். கடன் அவர்களோடு கூடவே வந்தது, சில வேளைகளில் முன்னிலும் பெருகி வந்தது. இத்துண்டு முறை 1921 இல்தான் இலங்கையில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

உறவினன் அழைத்தான் என்பதனால் மட்டும் ஒரு வேலை பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இன்றும் நம் குடியிருப்புகளில் ‘தெரிந்தவர் சொன்னார்’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்டுவோர் உண்டு. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கணக்கு யார் கையில் இருக்கின்றது என்பதைக் கேட்டறிவது அவரை அவமதிப்பது ஆகாது.

மலாயா தந்த பாடம்

மலாயாவில் ஒரு நல்ல மாறுதல் முன்னதாகவே நிகழ்ந்தது. 1907 இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி ஒன்று நிறுவப்பட்டது. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்குப் பணம் செலுத்தவேண்டும். அதிலிருந்து தொழிலாளரின் கப்பற் கட்டணம் கொடுக்கப்படும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன் பினாங்கில் இறங்கும்போது கப்பற் கட்டணத்துக்காக யாருக்கும் கடன்பட்டவனாக இருக்கத் தேவையில்லை. 1910 இல் அங்கே ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுற்றது. வேலை பிடிக்காவிடில் ஒரு மாதம் முன்னறிவித்து விலகலாம் என்ற நிலையும் ஏற்பட்டது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் நம்மிடையே பலர் இருந்தனர். அக்கப்பலில் போய்ப் பொருளீட்டி ஊரில் வீடு கட்டியவர்களும் உண்டு. எல்லாரும் கொடுமைப்பட்டனர் என்று கூறுவது வரலாறு ஆகாது.

இந்தியாவில் 1922 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்த பின்னர், இந்திய அரசின் ஏஜெண்டுகள் இலங்கையிலும் மலாயாவிலும் அமர்ந்து தொழிலாளரின் நிலையைக் கண்காணித்தனர். இலங்கையில் 1927 இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி சட்டமாயிற்று. 1938 இல் மலாயாத் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசு அங்கே தோட்டத் தொழிலாளரை அனுப்புவதையே தடை செய்தது. பின்னால் ஓர் அரசு நின்று கேட்கும்போது தொழிலாளியின் சொல்லுக்கு எடை கூடுகின்றது என்பதை அக்காலம் உணர்த்தியது.

ஆயினும் சட்டத்தில் எழுதப்படாத நிபந்தனைகளும் தோட்டங்களில் இருந்தன. 1941 இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்ட அவர்கள், வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தையும் நீக்கக் கோரினர். வேலை நிபந்தனை என்பது கூலியும் நேரமும் மட்டும் அன்று. மனிதனை மனிதனாக நடத்துவதும் அதில் அடங்கும் என்று படிப்பறிவில்லாத அத்தொழிலாளர் அன்றே அறிந்திருந்தனர்.

பம்பாயிலிருந்து வளைகுடாவுக்கு

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தபின், பாரசீக வளைகுடா நாடுகளில் சாலைகளும் துறைமுகங்களும் நகரங்களும் எழுந்தன. அவ்வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பெரு நிலையமாகப் பம்பாய் விளங்கியது. ‘துவாரகா’ என்னும் பயணிகள் கப்பல் 1982 வரை இங்கிருந்து வளைகுடாத் துறைமுகங்களுக்கு ஓடியது. கொத்தர், தச்சர், கம்பி கட்டுவோர், வெல்டர் ஆகியோர் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து பம்பாய்க்கு வந்து, தொழில் தேர்வு கொடுத்து, விசாவுக்காகக் காத்திருந்தனர். தாராவியிலும் கோலிவாடாவிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளில் அவர்கள் மாதக்கணக்கில் படுத்திருந்த காலம் நம் குடும்பங்களுக்கு மறந்திருக்காது.

1922 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக் கூலிகளை எண்ணி எழுதப்பட்டது. இப்புதிய நிலைக்கு அது போதவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மறைந்த ஏஜெண்டுகளும், இங்கே ஒரு தாளும் அங்கே இறங்கியபின் வேறொரு தாளும் காட்டிக் கையொப்பம் வாங்கியவர்களும் பெருகினர். எனவே 1983 இல் புதிய குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாதவர் வெளிநாட்டுக்கு ஆள் எடுத்தல் குற்றம் எனவும், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும் எனவும் இதன்கீழ் முறைகள் அமைந்தன. ஏஜெண்டு வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ரூபாய் 30,000 உம் அதற்குரிய சரக்கு சேவை வரியும் என்பதே வெளியுறவு அமைச்சகம் அறிவித்த உச்ச அளவு. அதற்கு ரசீதும் தரவேண்டும்.

வளைகுடாவில் இருந்த பூட்டின் பெயர் ‘கஃபாலா’. வேலை கொடுப்பவரே தொழிலாளிக்குப் பொறுப்பாளர். அவர் இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாது. சில நாடுகளில் அவர் இசைவின்றி ஊருக்குத் திரும்பவும் இயலாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று. பாலசுந்தரத்தின் கதைக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது; கதவு பூட்டிய முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

இப்பூட்டும் மெல்லத் தளர்ந்து வருகின்றது. ஐக்கிய அரபு நாடுகள் 2009 இல் சம்பளத்தை வங்கி வழியே செலுத்தும் முறையைக் கொணர்ந்தன. கத்தார் 2020 இல், பழைய முதலாளியின் இசைவின்றியே வேலை மாறும் உரிமையை அளித்தது. 2021 மார்ச் முதல் அங்கே மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமாயிற்று. உறைவிடமும் உணவும் தராத முதலாளி அவற்றுக்கென 500 ரியாலும் 300 ரியாலும் தனியே தரவேண்டும். சவூதி அரேபியாவும் 2021 இல் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் வேலை மாறும் உரிமையை வழங்கியது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்தலைப் பல வளைகுடா நாடுகளின் சட்டங்களே தடுக்கின்றன. இவ்வுரிமைகள் தமக்கு உண்டு என்று அறியாத தொழிலாளிக்கு அச்சட்டங்களால் பயன் இல்லை.

உறைவிடமும் வேலை நிபந்தனையின் ஒரு பகுதியே. 2024 சூன் 12 ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பற்றியது. உயிரிழந்தவர்களில் 45 இந்தியரின் உடல்கள் இரண்டு நாளில் கொச்சிக்கு விமானத்தில் வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். ‘தங்க இடம் இலவசம்’ என்று தாளில் ஒரு வரி இருந்தால், அவ்விடம் எத்தகையது, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதை அச்சவப்பெட்டிகள் நமக்குச் சொல்கின்றன.

படித்தவர்க்கும் இது பொருந்தும்

‘இவையெல்லாம் கூலி வேலைக்குப் போவோர்க்கு, எங்கள் பிள்ளைகள் பட்டம் பெற்றவர்கள்’ என்று நம்மில் சிலர் எண்ணலாம். 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த முறையில், பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குப் பொதுவாகக் குடியேற்ற அனுமதி வேண்டுவதில்லை. இஃது ஒரு சலுகை எனக் கருதப்படுகின்றது. அதன் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும்: படிக்காதவரின் ஒப்பந்தத்தை ஓர் அரசு அலுவலர் பார்க்கின்றார்; படித்தவரின் ஒப்பந்தத்தைப் பார்க்க வீட்டில் உள்ளவர்களே உளர்.

2022 இல் நிகழ்ந்ததை நினைவூட்டுகின்றோம். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இணைய மோசடி செய்யும் கூடங்களில் அவர்கள் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். தமிழ்நாட்டு இளைஞர்களும் அவர்களில் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர், கணினி கற்றவர்கள்.

அமெரிக்கா சென்று உயர்ந்த சம்பளம் பெறும் பொறியாளர்க்கும் இக்கேள்வி உண்டு. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த எச்-1பி விசா, ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு பிணைந்தது. வேலை போய்விட்டால், 2017 இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அதிக அளவாக 60 நாட்களே அவகாசம். அதற்குள் வேறொரு முதலாளி மனுச் செய்யவேண்டும். அல்லது வேறு வழி தேடவேண்டும். இல்லையேல் பெட்டியைக் கட்டவேண்டும். அவருடைய நிலையைத் தோட்டக் கூலியின் நிலையோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளியும் அந்த 60 நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அமைக்கப்படவேண்டும்.

நம் கையில் உள்ள பூட்டு

பழைய பூட்டுகளில் சிறைத் தண்டனை போயிற்று, துண்டு போயிற்று, கஃபாலாவும் தளர்ந்து வருகின்றது. சட்டங்கள் அவற்றைத் திறந்தன. எந்த நாட்டுச் சட்டமும் எளிதில் திறக்க இயலாத பூட்டு ஒன்று மீந்திருக்கின்றது. அது புறப்படுமுன் நாமே வாங்கும் கடன்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒருவர் ரூபாய் 1,50,000 மூன்று வட்டிக்கு வாங்குகின்றார் என்று கொள்வோம். மாதம் வட்டி மட்டும் ரூபாய் 4,500. அவர் மாதந்தோறும் ரூபாய் 15,000 அனுப்பி முழுவதையும் கடனுக்கே கட்டினாலும், அடைந்து முடிய ஓராண்டுக்கு மேல் ஆகின்றது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டு முழுதும் அவர் வட்டிக்காரருக்கே உழைக்கின்றார். அந்த ஓராண்டில் சம்பளம் குறைந்தாலும், வேலை மாறுபட்டாலும், உடல்நலம் கெட்டாலும், ‘எப்படித் திரும்புவேன்?’ என்ற எண்ணமே அவரை அங்கே கட்டி வைக்கின்றது. கங்காணியின் கணக்குப் புத்தகம் இன்று நம் தெருவுக்கே வந்துவிட்டது. விதித்த அளவுக்கு மேல் கட்டணம் கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு காசும் கொடுக்காதிருத்தல், இப்பூட்டைத் திறக்கும் முதல் வழியாகும்.

அடுத்து வேண்டுவன சில. ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்தறியவேண்டும். அவருக்கு ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகரிடம் பணம் தருதல் கூடாது. சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை வாயிலிலேயே நிறுத்தவேண்டும். ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், மிகை நேர ஊதியம், விடுப்பு, மருத்துவம், உறைவிடம், திரும்பும் பயணச் செலவு ஆகியவற்றோடு, இடையில் விலகுவதற்குரிய விதியையும் தேடிப் படிக்கவேண்டும். பாதுகாவலரின் அனுமதி பெற்றுச் செல்வோர்க்கென 2003 இல் தொடங்கப்பட்ட பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்புறுதி, விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிலையான ஊனத்துக்கும் ரூபாய் 10 இலட்சம் வரை தரும் வகையில் அமைந்தது. சில நூறு ரூபாய்ச் சந்தாவைச் சேமிப்பதாக எண்ணி அதனை விட்டுவிடலாகாது. ஊரில் உள்ள உறவினர்க்கு, 1978 இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் பெயரையும் எடுத்துச் சொல்லலாம்.

இறுதியாக, நம் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், பிள்ளைகளுக்குப் பரிசு வழங்குகின்றோம், மலர் வெளியிடுகின்றோம். இவற்றோடு ஒரு பதிவேடும் ஓர் இழுப்பறையும் சங்கத்தில் இருக்கட்டும். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் கையொப்பமிடுமுன் தம் ஒப்பந்தத்தைச் சங்கத்தில் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடமோ ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரிடமோ காட்டட்டும். தட்டச்சும் சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் அறிந்த பெரியவர்களுக்கு நம்மிடையே குறைவில்லை. அவர்கள் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். புறப்படும்போது ஒப்பந்தத்தின் நகலும், பாஸ்போர்ட்டின் நகலும், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் இங்கே இருக்கட்டும். போனவரிடமிருந்து மாதம் ஒருமுறை செய்தி வருகின்றதா என்று கேட்டறிய ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

டர்பனில் பாலசுந்தரத்துக்கு வாய்த்தது, அவர் பேச்சைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்ல ஒரு தமிழரும், அதனைக் கேட்டு எழுந்து நடந்த ஒரு வழக்கறிஞருமே. அவ்விருவரையும் நம் பிள்ளைகள் அயல்நாட்டில் போய்த் தேடவேண்டிய நிலை வாராதிருக்க, இந்தச் சயானிலேயே அவர்களுக்கு நாம் அமைத்துத் தருவோமாக.